மூன்றாம் நம்பர் கேட்டின் நூற்றாண்டு வரலாறு

ஜெர்மனியில் லிண்டன்ஃபோர்ட் என்றொரு சிற்றூர். இரண்டு செங்கல் சூளை, ஒரு மாதா கோயில், ஒரு கால்பந்து மைதானம். மைதானத்தை 1926இல் கட்டினார்கள். போரில் அதன் மேல் குண்டு விழுந்தது. போர் முடிந்த பஞ்சத்தில் கோல் கம்பத்துக்குக் கோல் கம்பம் உருளைக்கிழங்கு போட்டார்கள். பஞ்சம் தீர்ந்ததும் கிழங்கைப் பிடுங்கிவிட்டுப் புல்லைப் போட்டு, தெற்குப் பக்கம் மூவாயிரம் பேர் நின்று பார்க்க ஒரு படிக்கட்டு மேடை கட்டினார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் அதில் நின்று, தூறலில் நனைந்தபடி, தங்கள் அணி தோற்பதைப் பார்த்தார்கள். கடைசியில் ஊர்ச் சபைக்கு நவீன ஆசை வந்தது. பழையதை இடித்துக் கண்ணாடி அறைகளும் சூரிய மின்கூரையும் வைத்துப் புதிதாகக் கட்டத் தீர்மானம் போட்டார்கள். இடித்த குப்பையை எங்கே கொட்டுவது என்பது மட்டும்தான் பாக்கி.

அந்தக் கவலையை எமிரேட்ஸில் இருக்கும் உலக விளையாட்டு மரபு வாரியம் தீர்த்துவைத்தது. அல் ஐன் போகும் சாலையில், ஈச்சந்தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், வாரியம் ஒரு மைதானம் கட்டிக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் இருக்கை. குளிர்சாதனம். மூடித் திறக்கும் கூரை. எல்லாம் இருந்தன, வரலாறு மட்டும் இல்லை. ஆகவே லிண்டன்ஃபோர்ட்டின் தெற்கு மேடையை அப்படியே வாங்கி, கல்லுக்குக் கல் நம்பர் எழுதி, நூற்றுப் பதினோரு கன்டெய்னர்களில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். துருப்பிடித்த கைப்பிடிகள் வந்தன. உடைந்த படிகள் வந்தன. டிக்கெட் வாங்கியவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடும் இரும்புச் சுற்று கேட்டுகள் நாலு வந்தன. ஆண்கள் எழுபது வருஷம் மூத்திரம் பெய்த ஒரு நீளச் சுவரும் வந்தது. சுவருக்குத் தனி இன்சூரன்ஸ்.

“நூறாண்டு வரலாறு, பதினெட்டே மாதங்களில்” என்று சாலை நெடுக விளம்பரப் பலகை வைத்தார்கள்.

வரலாற்றைப் பொருத்துவதற்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பட்டறையிலிருந்து ஆள் எடுத்தார்கள். அதில் ஒருவன் நாகலிங்கம். முதுகுளத்தூர் பக்கத்துக்காரன், நாற்பத்தேழு வயது, இரும்பு ஃபிட்டர். வலது கை மோதிர விரலில் நுனிக் கணு கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் தகடு வளைக்கும் மெஷின் அதை எடுத்துக்கொண்டது. இந்த விரலை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாகலிங்கம் ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. மகள் சந்தியாவுக்குக் கார்த்திகை ஐந்தாம் தேதி கல்யாணம். லீவு பாரத்தில் மூன்று கையெழுத்தும் விழுந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. “தாரை வார்த்துக் குடுக்கணும்ல, அப்பன் இல்லாம எப்பிடி?” என்று கேம்ப் ரூமில் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவான். ரூமில் இருந்த ஏழு பேரும் அதைத் தினமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார்கள்.

வேலை அவனுக்குப் பிடிபடவில்லை. இருபத்தைந்து வருஷமாகத் துருவைச் சுரண்டிப் பிழைத்தவனிடம், துருவைத் தொடாதே என்றார்கள். முதல் வாரத்தில், அருப்புக்கோட்டைப் பையன் பாண்டித்துரை, வேலையில் நல்ல பெயர் எடுக்க வேண்டுமென்று ஒரு கைப்பிடியை எமரித்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டான். வாரியம் அதிர்ந்துபோனது. உதிர்ந்த துருவைக் கூட்டி அள்ளி, ஜாடியில் போட்டு, பதினொரு நாள் இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக எடுத்துப் பழைய இடத்திலேயே பசை வைத்து ஒட்டினார்கள். ஒட்டியவன் பாண்டித்துரையேதான். பன்னிரண்டாம் நாள் அவன் கண்ணுக்குச் சோறே துருவாகத் தெரிந்ததாம்.

இந்த நிலவரத்தில் ஆயுத பூசை வந்தது. பட்டறையாக இருந்தால் அன்றைக்கு எல்லா மெஷினையும் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுப்பார்கள். பட்டறையின் அரபி முதலாளியே தன் புது வண்டியைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டு, “இதுக்கும்” என்பது போலக் கையைக் காட்டுவார். வாரியத்தின் சைட்டில் இதெல்லாம் மாஃபி, அதாவது கிடையாது. சாம்பிராணி போட்டால் தீயணைப்பு மணி அடிக்கும்.

ஆனாலும் தொழில் செய்கிறவனுக்கு அன்றைக்கு ஆயுதத்தை வெறும் நெற்றியோடு விட மனசு வராது. நாகலிங்கம் மூன்று மாதம் மல்லுக்கட்டிய மூன்றாம் நம்பர் கேட் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கரகரவென்று முழுச் சுற்று சுற்றியது. கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை சுஐபு பாயிடம் வாங்கிய விபூதியும் குங்குமமும் சட்டைப் பையில் இருந்தன. சுற்றுமுற்றும் பார்த்தான். விபூதியைத் தண்ணீரில் குழைத்து, கேட்டின் நெற்றித் தகட்டில் மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்து, நடுவில் ஒரு பொட்டு வைத்தான். “ஆரு கையையும் கடிச்சிராத தாயி” என்று கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

மூன்றாம் நாள் டாக்டர் எல்கே அதைப் பார்த்துவிட்டார்.

டாக்டர் எல்கே வாரியத்தின் கறைத் துறைத் தலைவர். ஐரோப்பாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர். அவருக்குக் கீழே பதினான்கு பேர். எண்ணெய்க் கறைக்கு இருவர், பீர்க் கறைக்கு மூவர், அந்தச் சுவருக்கு மட்டும் ஒருவர். மூன்றாம் நம்பர் கேட்டைப் பார்த்ததும் அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். அரை மணி நேரத்தில் நாடா கட்டி மறித்தார்கள். சாயங்காலத்துக்குள் கேட்டைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி வந்தது. கறைக்கு மூச்சு முட்டக் கூடாது என்பதால் பெட்டிக்கு மேல்மூடி வைக்கவில்லை. ஊசி முனையளவு சுரண்டி எடுத்து ஐரோப்பாவில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பசுஞ்சாணச் சாம்பல், மஞ்சள், சுண்ணாம்பு என்று இரண்டு வாரத்தில் பதில் வந்தது.

அதை அறிவிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்காலி காலியாகத் தெரிந்தால் படத்துக்கு நன்றாக இருக்காது என்று ஃபிட்டர்களையும் கூட்டிவந்து பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச்சுக்குக் காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்தார்கள். நாகலிங்கத்துக்கு எல்லாமே புரிந்தது. அதுதான் வினை.

“லிண்டன்ஃபோர்ட் கழகத்தைச் செங்கல் தொழிலாளர்கள் தொடங்கினார்கள் என்று நூறு வருஷமாகச் சொல்லி வந்தார்கள்” என்று டாக்டர் எல்கே தொடங்கினார். “அது பொய். சாம்பலில் பசு இருக்கிறது. ஆகவே, தொடங்கியவர்கள் பால்காரர்கள். மூன்று வெள்ளைக் கோடுகள் அவர்களுடைய மூன்று பால்பண்ணைகள். சிவப்பு வட்டம் சூரியன். அந்த ஊரில் அது அபூர்வம். மஞ்சள் கலந்திருப்பதால், அந்தக் காலத்திலேயே அவர்களுக்குக் கீழை நாடுகளோடு தொடர்பு இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அதை நிரூபிக்க இன்னும் பத்து வருஷம் ஆராய வேண்டும்.” பின்வரிசையில் கீழை நாடுகளிலிருந்து வந்தவர்கள் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“எல்லாவற்றையும் விட முக்கியம் மூன்றாவது கோடு. அது தொடங்கும் இடத்தில் அரை அங்குலம் குறைகிறது. போரில் இறந்துபோன ஒரு ஆட்டக்காரருக்காக, அவர் நின்ற இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள்.” நாகலிங்கம் தன் மோதிர விரலைப் பார்த்தான். பிறகு மெதுவாக அதைப் பாண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அடுத்து இயக்குநர் எழுந்தார். வாரியத்தில் எல்லோரும் அவரை முதீர் என்பார்கள். எந்த நாட்டுக்காரர் என்று யாருக்கும் தெரியாது. ஆறு நாடுகளில் ஆறு வாரியங்களை நடத்திவிட்டு வந்தவர். “நாம் வாங்கியது வெறும் கல் என்று சிலர் கேலி செய்தார்கள். இதோ, பில்லில் இல்லாத ஒரு பொருளும் கூடவே வந்திருக்கிறது. நல்ல கொள்முதல் என்றால் இதுதான். லிண்டன்ஃபோர்ட்காரர்கள் தங்கள் வரலாற்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள். அதற்கு அவர்கள் அங்கே பிறந்தது மட்டும் போதாது” என்றார். கை தட்டினார்கள். ஃபிட்டர்களும் தட்டினார்கள்.

மறுநாள் நாகலிங்கம் விஜயபாஸ்கரைப் பார்க்கப் போனான். விஜயபாஸ்கர் கோயமுத்தூர்க்காரர். வாரியத்தில் மரபு இணக்க மேலாளர். எது மரபோடு இணங்கும், எது இணங்காது என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஃபிட்டர்களின் லீவும் அந்தக் கையெழுத்தில்தான் வரும்.

“சார், அது நாந்தேன் சார் போட்டேன். ஆயுத பூசைக்கு.”

விஜயபாஸ்கர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நாகலிங்கம், பதினாறு நாட்டுப் பத்திரிகையில வந்திருச்சுங்க. எனக்கு ப்ரமோஷன் லெட்டர் டைப் ஆயிட்டிருக்குது. இப்ப வந்து விபூதிங்கறீங்க?”

“தொடச்சு விட்றட்டுங்களா சார்? ஒரு நிமிசம் ஆகாது.”

“தொட்டா ஜெயிலு. நீங்கதான் போட்டீங்கன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, மரபுச் சொத்தைச் சேதப்படுத்தினதுன்னு கேஸு.”

“கேஸுன்னா ஊருக்கு அனுப்பிச்சிருவாங்களா சார்?” நாகலிங்கத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை மறுக்க முடியாது.

“அனுப்புவாங்க. கேஸு முடிஞ்ச பொறகு. முடியற வரைக்கும் பாஸ்போர்ட்டு நகராது. ஒரு வருசமோ, ரெண்டு வருசமோ. கல்யாணம் எப்பங்க?”

“கார்த்திய அஞ்சு சார்.”

“அப்பறம் என்ன? நீங்க எதையும் போடலை. சரிங்ளா?”

“சரிங்க சார்.”

“போட்டது யாரு?”

“பால்காரங்க சார்.”

இதோடு முடிந்திருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். ஆனால் வாரியத்திடம் மழை இருந்தது. தெற்கு மேடையில் நின்றவர்கள் நனைந்துகொண்டே பார்த்தவர்கள் என்பதால், நனையாமல் பார்ப்பது மரபாகாது என்று கண்டுபிடித்து, கூரைக்கு அடியில் குழாய் ஓட்டி, லிண்டன்ஃபோர்ட் தூறலையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பதினொரு டிகிரி குளிர்ந்த நீர், தினமும் காலை ஆறு மணிக்கு ஒத்திகை. வெளியே மணலில் மழைக்காக ஒட்டகம் அண்ணாந்துகொண்டிருக்க, உள்ளே மூத்திரச் சுவருக்கு மழை பெய்தது. முதல் நாள் ஒத்திகையிலேயே மூன்றாம் நம்பர் கேட்டின் நெற்றி சுத்தமாகக் கழுவிப்போயிற்று.

டாக்டர் எல்கேவுக்கு மயக்கம் வந்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். விஜயபாஸ்கர் நாகலிங்கத்துக்குப் போன் போட்டார். “அஞ்சு நிமிசம் கேமராவ ஆஃப் பண்றேனுங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே போட்டுட்டு ஓடியாந்துருங்க.”

போட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் எல்கே லேசர் கருவியால் அளந்து பார்த்தார். பழைய கறைக்கும் புதிய கறைக்கும் தொண்ணூற்றெட்டு சதவிகிதம் பொருத்தம். மனிதக் கையால் இவ்வளவு துல்லியம் வராது என்று அவர் அறிவியல்படி முடிவு கட்டினார். அப்படியானால் இரும்பே தன் நினைவைத் தானாக வெளியே தள்ளுகிறது. உலகத்தின் முதல் ‘தானே புதுப்பிக்கும் கறை’ என்று கட்டுரை எழுதி அனுப்பினார். திறப்பு விழாவில் நாற்பதாயிரம் பேர் முன்னிலையில் மழை பெய்து, கறை அழிந்து, திரும்ப வர வேண்டும் என்று முதீர் உத்தரவு போட்டார். திறப்பு விழா தேதியும் குறித்தார்கள். அது கார்த்திகை ஐந்து.

அதிலிருந்து தினமும் காலையில் மழை, மழை முடிந்ததும் ஐந்து நிமிஷம் கேமரா ஓய்வு, அந்த ஐந்து நிமிஷத்தில் நாகலிங்கம். நவம்பர் பன்னிரண்டாம் தேதி அவன் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பத்தாம் தேதி விஜயபாஸ்கர் கூப்பிட்டு, லீவு ரத்து என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கினார்.

“சார், மூணு கையெழுத்துப் போட்ட லீவு சார் அது.”

“ஆமாங்க. மூணையும் வாபஸ் வாங்கியாச்சு.”

“என்ன காரணம் சார்?”

“காரணம் எழுத முடியாதுங்க. கறை தானா வருதுன்னு ஐரோப்பாவுக்கே பேப்பர் போயிருச்சு. தானா வர்ற கறைக்கு ஆள் எதுக்கு? ஆள் வேண்டாம்னா நீங்க எதுக்கு? எழுதினேன்னா உங்க வேலையே போயிரும். உங்க நல்லதுக்குத்தான் காரணமே இல்லாம கேன்சல் பண்ணியிருக்கேன். நீங்க எனக்கு நன்றி சொல்லோணும்.”

நாகலிங்கம் நன்றி சொன்னானா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் அந்த அறையிலிருந்து வெளியே வர முடியாது.

அவனுக்கு ஒரே வழிதான் தோன்றியது. பாண்டித்துரைக்குக் கற்றுக்கொடுத்தான். கேம்ப் ரூமில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, பவுடரைக் குழைத்து, நாலு நாள் பழக்கினான். பையன் கெட்டிக்காரன். அழுத்தம், சாய்வு, பொட்டு, எல்லாம் அச்சாக வந்தது. ஐந்தாம் நாள் காலையில் கேட்டுக்குப் போட்டது பாண்டித்துரை.

எட்டு மணிக்கு வாரியத்தில் அவசரக் கூட்டம். மூன்றாவது கோடு முழுசாக வந்திருந்தது. பாண்டித்துரைக்கு எல்லா விரலும் இருந்தன, அதுதான் குறை. போரில் இறந்தவரின் காலி இடம் நிரம்பிவிட்டதென்றும், இரும்பு போரை மன்னித்துவிட்டதென்றும் டாக்டர் எல்கே கண்ணீர் விட்டார். முதீர் கோபமாக மேஜையில் தட்டினார். “மன்னிப்பு நம் ஒப்பந்தத்தில் இல்லை. நமக்கு வேண்டியது காயம். காயத்தைத்தான் விளம்பரம் செய்திருக்கிறோம். நாளைக் காலைக்குள் இடைவெளி திரும்பி வர வேண்டும்.” வந்தது. நாகலிங்கத்தின் விரலை வேறு யாரும் வைத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாண்டித்துரை அவன் கட்டிலோரம் வந்து நின்றான். “அண்ணே, நம்ம பட்டறை மெசினு இன்னம் அங்கதான கெடக்கு. ஒரு கணுதான. குடுத்துட்டு வந்துர்றேன். நீ போயி பாப்பா கல்யாணத்தப் பாத்துட்டு வா.” அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் பாதிதான் விளையாட்டு என்பது நாகலிங்கத்துக்குத் தெரிந்தது. எழுந்து ஓங்கி ஓர் அறை விட்டான். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். ரூமில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போல, திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் ஹெல்முட் வந்தார். எண்பத்தொரு வயது ஜெர்மன் கிழவர். லிண்டன்ஃபோர்ட்டில் முப்பத்தெட்டு வருஷம் மூன்றாம் நம்பர் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்தவர். விழாவன்று அதே கேட்டில் நின்று முதல் ரசிகரை உள்ளே விடுவதற்காக, ‘வாழும் மரபு’ என்று அட்டை மாட்டி அவரை அழைத்து வந்திருந்தார்கள்.

சேதி கேட்டதும் சுஐபு பாய் கடையில் குதித்தார். “மாப்ள, அந்தக் கெழவனுக்குத் தெரியாததா? ‘இந்தக் கேட்டுல இப்புடி ஒண்ணும் இருந்ததில்ல’ண்டு ஒரு வார்த்த சொன்னாருண்டா கலாஸ், முடிஞ்சு போச்சு. ஒனக்கு அங்க வேலையே இல்ல. நாளைக்கி மதுரை பிளைட்டுல ஒரு சீட்டுப் போட்டு வச்சிருக்கேன். நீ உடுப்ப எடுத்து வையி.” நாகலிங்கம் பெட்டியைக் கட்டினான். மனைவி உமாராணிக்குப் போன் போட்டு, “வந்தாலும் வந்துருவேன் புள்ள” என்றான்.

மறுநாள் காலை ஹெல்முட்டைக் கேட்டுக்கு அழைத்து வந்தார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். கேட்டில் கோளாறு வந்தால் பார்ப்பதற்காக நாகலிங்கம் ஓரமாக நின்றான். கிழவர் கேட்டின் கையைத் தடவினார். மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, இவ்வளவு நன்றாக யார் பழுது பார்த்தது என்று கேட்டார். வாரியம் என்றார் முதீர். பிறகு நெற்றித் தகட்டைப் பார்த்தார்.

“இதென்ன கிறுக்கல்?” என்றார். மொழிபெயர்ப்பாளருக்கு நா குழறியது. “சனிக்கிழமைதோறும் நானே இதைத் துடைத்து எண்ணெய் போட்டேன். முப்பத்தெட்டு வருஷம். இப்படி எதுவும் இங்கே இருந்ததில்லை. எவனாவது போட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன். பால்காரர்களா? எங்கள் ஊரில் பால்காரர்கள் எதிரி அணிக்காரர்கள்.” கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார். நாலு காவலாளிகள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

நாகலிங்கம் முதீரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதீர் நிதானமாகச் சிரித்தார். “ஐயா, உங்கள் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நேரில் இருந்தவர்கள் வரலாற்றுக்கு நல்ல சாட்சிகள் அல்ல. அவர்கள் அதற்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். எங்களைப் போலத் தள்ளி இருந்து பார்த்தால்தான் தெரியும்.” டாக்டர் எல்கே தலையாட்டினார். கிழவரின் நினைவு வயதினால் மாசுபட்டது என்றும், இரும்பின் நினைவு மாசுபடாதது என்றும், இரண்டும் மோதினால் அறிவியல் இரும்பின் பக்கம்தான் நிற்கும் என்றும் சொன்னார். ஹெல்முட்டின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிவிட்டு, ‘பார்வையாளர்’ என்று வேறு அட்டை மாட்டினார்கள். அவருடைய வேஷத்துக்கு ஒரு நடிகரை அன்றைக்கே அமர்த்தினார்கள். நடிகரின் தாடி இன்னும் நன்றாக இருந்தது.

போகும்போது கிழவர் நாகலிங்கத்துக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே விடவில்லை. குட்டையான அந்த மோதிர விரலைப் பார்த்தார். திரும்பிக் கேட்டைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் அவரை மின்வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மதுரை விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியதாகச் சுஐபு பாய் பிறகு சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வாரியம் சுற்றறிக்கை ஒன்று விட்டது. மூன்று கோடும் ஒரு பொட்டும் வாரியத்தின் பதிவு பெற்ற சின்னமாகிவிட்டன. தொப்பி, பனியன், தேநீர்க் கோப்பை, எல்லாவற்றிலும் அச்சடித்தாயிற்று. அனுமதியின்றி அந்தச் சின்னத்தைத் துணி, வாகனம், சுவர், தோல் முதலிய எந்தப் பரப்பிலும் தரித்து மைதானத்துக்குள் வரக் கூடாது. ‘தோல்’ என்பது தோல் பைகளைக் குறிப்பதாக ஃபிட்டர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கார்த்திகை ஐந்து. முகூர்த்தம் ஊரில் எட்டரைக்கு, இங்கே ஏழு மணி. நாகலிங்கம் விடியலில் குளித்தான். கல்யாணத்துக்கென்று உமாராணி ஊரிலிருந்து வந்த ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கண்ணாடி பார்த்து நெற்றி நிறைய விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்தான். பெண்ணைப் பெற்றவன் அன்றைக்கு வேறு எப்படி இருப்பான்? ஆறரைக்கு மைதானத்தின் வேலையாட்கள் வாசலில் போய் நின்றான்.

வாசலில் அர்ஜுன் என்ற நேபாளத்துக் காவலாளி நின்றிருந்தான். நல்ல பையன், தினமும் சலாம் வைப்பவன். நாகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தவன் தயங்கி, கையிலிருந்த சுற்றறிக்கையைத் தூக்கிப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டான். மூன்று கோடு, பொட்டு, கீழ்க்கோட்டில் அரை அங்குலம் குறைவு. அச்சு அசல்.

“பாயி, யே மாஃபி” என்றான். அவனுக்கே வருத்தமாக இருந்தது.

நாகலிங்கம் விஜயபாஸ்கருக்குப் போன் போட்டான். “சார், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் விடச் சொல்லுங்க சார். மகளுக்குத் தாலி கட்ற நேரம் சார்.”

“நாகலிங்கம், புரிஞ்சுக்கோங்க. உங்க நெத்தியில இருக்கறது உங்களுது இல்லைங்க. வாரியத்துது. வேணும்னா லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்க, மூணு மாசத்துல பதில் வரும். இப்பத் தொடச்சுட்டு சீக்கிரம் உள்ள போங்க. மழை முடிஞ்சிருச்சு, கேட்டு வெறுமையா நிக்குது.”

அர்ஜுன் ஈரக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நாகலிங்கம் துடைத்தான். முதல் தடவை சரியாகப் போகவில்லை என்று இன்னொன்று கொடுத்தான். அந்த இரண்டு காகிதங்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதிச் சீல் வைத்துக்கொண்டார்கள். விழா நாள் என்பதால் போனை வாசல் தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வைத்தான். பத்தடி நடப்பதற்குள் அது அதிர ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தான். உமாராணியின் பெயர் தெரிந்தது. அர்ஜுன் கையை விரித்தான்.

மூன்றாம் நம்பர் கேட் மழையில் குளித்து வெறும் நெற்றியோடு நின்றது. கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. எதிர்ச்சுவரின் பெரிய கடிகாரத்தில் மணி ஏழு. நாகலிங்கம் விபூதியைக் குழைத்தான். கல்யாண மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழும்போது தகப்பன் இப்படித்தான் எடுத்து நெற்றியில் பூசிவிட வேண்டும். மூன்று விரலையும் தகட்டில் வைத்தான். இரும்பு சில்லென்று இருந்தது. கை உதறியது. இழுத்தான். பொட்டை வைத்தான். ஆரு கையையும் கடிச்சிராத என்று தினமும் சொல்வதை அன்றைக்குச் சொல்லவில்லை.

“நல்லாயிரு தாயி” என்றான். “நூறு வருசம் நல்லாயிரு.”

சாயங்காலம் விழா பிரமாதமாக நடந்தது. மழை பெய்தது, கறை அழிந்தது, ஐந்து நிமிஷம் விளக்கை அணைத்ததும் திரும்ப வந்தது. அதற்கு முன் டாக்டர் எல்கே கறையை அளந்தபோது, மூன்று கோடுகளிலும் மெல்லிய ஒரு நடுக்கம் புதிதாக இருப்பதைக் கண்டார். தாய்மண்ணை விட்டு வந்த இரும்பின் ஏக்கம் அது என்று மேடையிலேயே அறிவித்தார். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். முதீருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நாளையிலிருந்து தினமும் அந்த நடுக்கத்தோடேயே போட வேண்டும் என்று விஜயபாஸ்கர் நாகலிங்கத்துக்குச் சொல்லியனுப்பினார்.